கம்பைநல்லூரில் அமெரிக்கச் சட்டம்

முதலாளி நேற்று போன் செய்தார். கடையில் புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்களாம். அவர்கள் படிக்கிற மாதிரி என் அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார். தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கடையில், முழங்கால் இரண்டும் தேயும்வரை லேப்டாப் பழுது பார்த்தவள் நான். இப்போது வீட்டில் உட்கார்ந்து மருமகளுடைய போனுக்கு மட்டும் சர்வீஸ் செய்கிறேன். அதிலும் அவளுக்குத் திருப்தி இல்லை.

திருகாணி கழற்றுவதையும் டிரைவர் ஏற்றுவதையும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாவிட்டால் வீடியோ பார்த்துக்கொள்வீர்கள். வாடிக்கையாளர் குடும்பத்தோடு நம் தலைக்கு மேல் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது புத்தி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வீடியோவில் வராது. அதற்காக ஒரே ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

கம்பைநல்லூரில் தீர்த்தகிரி என்று ஒரு புளி வியாபாரி. அவருடைய மகள் நிவேதா இன்ஜினியரிங் படிக்கும்போது எங்கள் கடையில்தான் லேப்டாப் வாங்கினாள். பெங்களூரில் ஏதோ அமெரிக்கக் கம்பெனி கழித்துவிட்ட பழைய லேப்டாப் அது. மெலிசாக, லட்சணமாக இருக்கும். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுத்தரச் சொன்னாள். போட்டுக் கொடுத்தவள் நான். இரண்டு வருடம் ஒரு குறையும் வரவில்லை.

ஒருநாள் காலையில் அவளே போன் செய்தாள். முந்தின நாள் வரை நன்றாக இருந்த வைஃபை விடிந்து பார்த்தால் வேலை செய்யவில்லை. பதினொரு மணிக்குப் பெங்களூர்க் கம்பெனி ஒன்று ஆன்லைனில் தேர்வு வைக்கிறது. இதற்காக மூன்று மாதமாகத் தயார் செய்திருக்கிறாள். முந்தின நாள் ராத்திரி லேப்டாப்புக்கு அப்டேட் போட்டாளாம். "நாந்தான் மேடம் கெடுத்துக்கிட்டேன்" என்றாள். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டில் மூன்று பேர் காத்திருந்தார்கள். நிவேதா, அவள் அப்பா தீர்த்தகிரி, அம்மா காவேரி. லேப்டாப்பைத் திறந்து, அக்கம்பக்கத்தில் என்னென்ன வைஃபை தெரிகிறது என்று பார்த்தேன். ஏழெட்டுப் பெயர்கள் வந்தன. ஆக, லேப்டாப்புக்குள் இருக்கிற வைஃபை கார்டுக்கு உயிர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, முழு சிக்னலோடு ஒரு பெயர் நின்றது: 'அசல் பெரிய வூடு.'

"இதுதானே உங்க வைஃபை?" என்று கேட்டேன்.

நிவேதாவும் காவேரியும் தீர்த்தகிரியைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிவிட்டு, "எங்களுது 'பெரிய வூடு'ங்க. அது அந்தாண்ட வூட்டுக்காரனுது" என்றார்.

அந்தாண்ட வீட்டுக்காரர் அவருடைய சொந்தத் தம்பி மாதையன். உரக்கடை வைத்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு காம்பவுண்டுச் சுவர். பேச்சுவார்த்தை நின்று ஆறு வருடம் ஆகிறது. ஒரு மாமரம் யார் பங்கு என்பதில் ஆரம்பித்ததாம். மரம் பட்டுப்போய் நாலு வருடம் ஆகிவிட்டது, சண்டை மட்டும் பச்சையாக இருக்கிறது என்று காவேரி பின்னால் சொன்னார். அண்ணன் வைஃபைக்குப் 'பெரிய வூடு' என்று பெயர் வைத்ததும் தம்பி மறுவாரமே 'அசல் பெரிய வூடு' என்று வைத்திருக்கிறார். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் போனில் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

இதெல்லாம் நம் வேலையில் சேராது என்று நினைத்தேன். அது எவ்வளவு தப்பு என்பதற்குத்தான் வருகிறேன்.

வழக்கம்போல நான் கேட்ட முதல் கேள்வி: "நேத்து லேப்டாப்புல என்னென்ன மாத்துனீங்க?" வழக்கம்போலவே பதில்: அப்டேட்டைத் தவிர எதுவும் மாத்தலீங்க.

'பெரிய வூடு' லேப்டாப்பில் இல்லவே இல்லை. என் போனில் பார்த்தேன், கொழுகொழுவென்று இருந்தது. காவேரியின் போனிலும் இருந்தது. சரி, அப்டேட்டில்தான் கோளாறு என்று, லேப்டாப்பைப் பழைய பதிப்புக்குத் திருப்பினேன். தெருவில் இருக்கிற எல்லா வைஃபையும் வந்தது, இந்த வீட்டு வைஃபை மட்டும் வரவில்லை.

மாற்று வழிகள் உங்கள் மனதில் ஓடும். எனக்கும் ஓடின. போனை ஒயரில் இணைத்து நெட் கொடுக்கலாம். ஆனால் தேர்வு எழுதும் அறையில் போன் இருக்கக் கூடாது, லேப்டாப்பில் சார்ஜரைத் தவிர எதுவும் சொருகக் கூடாது என்று கம்பெனியின் சட்டம். பக்கத்து அறையில் போனை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டேன். அந்த வீட்டுக்குள் டவர் எடுப்பது பாதிக் கோடு. கம்பெனியின் சோதனைப் பக்கம், இந்த வேகத்துக்குத் தேர்வு கிடையாது என்று சிவப்பில் காட்டிவிட்டது.

பையில் யூஎஸ்பியில் சொருகும் வைஃபை அடாப்டர் ஒன்று வைத்திருந்தேன். அதை வைத்துத் தேர்வு எழுத முடியாது. ஆனால் குற்றவாளி யார் என்றாவது தெரியும் அல்லவா? சொருகினேன். அதுவும் 'அசல் பெரிய வூட்'டைத்தான் முதலில் காட்டியது. சொந்த வீட்டைக் காட்டவில்லை.

தீர்த்தகிரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அவன்தான் ஏதோ பண்ணியிருக்கான் மேடம். உரக்கடையில மருந்து விக்கறவன். அதுல ஏதோ கலந்து அடிச்சிருக்கான்."

வைஃபைக்கு மருந்து அடிக்க முடியாது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மாடிக்குப் போய், தம்பி வீட்டு மொட்டை மாடியில் புதிதாக ஏதாவது கம்பி நட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். துணி காயப்போடும் கம்பி ஒன்றுதான் இருந்தது. அதையும் சந்தேகப்பட்டார்.

இங்கேதான் நான் கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். மணி ஓடுகிறது, அந்தப் பெண் நகத்தைக் கடிக்கிறாள், அப்பா குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். இந்த நேரத்தில் சும்மா உட்காருவதற்குத் தைரியம் வேண்டும். ஏதாவது தட்டிக்கொண்டே இருந்தால் எல்லாருக்கும் ஆறுதலாக இருக்கும், நமக்கும்தான். ஆனால் புதிதாக எதுவும் தெரியவராது. இரண்டு வேறு வேறு கார்டுகள், இரண்டும் ஒரே வைஃபை பெட்டியை மட்டும் பார்க்க மறுக்கின்றன. அப்படியானால் நோய் கார்டில் இல்லை. நான் வந்ததிலிருந்து தப்பான ஆளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வியை மாற்றினேன். "லேப்டாப்ப விடுங்க. உங்க வைஃபை பெட்டியில நேத்து யாராவது கை வெச்சாங்களா?"

"ஆமாங்க" என்றார் தீர்த்தகிரி, பெருமையாக. "கேபிள்காரர வரச்சொல்லி நாந்தான் மாத்துனேன்."

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நான் லேப்டாப்பைப் பற்றித்தானே கேட்டேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. நாம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார்கள்.

நடந்தது இதுதான். தம்பி வீட்டு சிக்னலும் தன் வீட்டு சிக்னலும் காற்றில் ஒன்றோடொன்று கலக்கின்றன என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவரால் பொறுக்க முடியவில்லை. கேபிள்காரரை அழைத்து, தம்பியின் சிக்னல் எங்கே போகிறதோ அதிலிருந்து ஆகக்கடைசிக் கோடிக்குத் தன் சிக்னலைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லியிருக்கிறார். வைஃபை பெட்டி பேசும் அலைவரிசைகளுக்கு எண் உண்டு. நம் நாட்டில் பதின்மூன்று வரை போகலாம். தம்பியின் பெட்டி ஒன்றில் இருந்தது. கேபிள்காரர் சொன்னபடியே அண்ணனுடையதைப் பதின்மூன்றில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அமெரிக்காவில் பதினொன்றோடு சரி. அதற்கு மேல் போக அங்கே அனுமதி இல்லை. இந்த லேப்டாப் அமெரிக்கக் கம்பெனிக்காகச் செய்தது. அதற்குள் இருக்கிற கார்டு, தான் இன்னும் அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பன்னிரண்டு, பதின்மூன்று பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. லினக்ஸும் அதன் பேச்சைக் கேட்டு, நான் சொருகிய அடாப்டருக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டது. இதை நான் எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.

தீர்த்தகிரி லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார். "கம்பைநல்லூர்ல, என் வூட்டு மேசை மேல உக்காந்துக்கிட்டு, அமெரிக்காகாரனுக்குக் கட்டுப்படுதா இது?"

"ஆமாங்க."

"எங்க கரண்டுதான திங்குது?"

பதில் சொல்ல நேரமில்லை. லேப்டாப்புக்கு நீ இந்தியாவில் இருக்கிறாய் என்று சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. அடித்தேன். லினக்ஸ் ஒப்புக்கொண்டது, கார்டு ஒப்புக்கொள்ளவில்லை. பிறந்த ஊரை அதன் உடம்பிலேயே எழுதி அனுப்பியிருந்தார்கள். மூன்று முறை அடித்தேன், மூன்று முறையும் அது அமெரிக்காவிலேயே இருந்தது.

அப்படியானால் பெட்டியை மாற்ற வேண்டும். அலைவரிசையைப் பதினொன்றுக்குக் கொண்டுவந்தால் போதும், ஒரு நிமிட வேலை. ஆனால் பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டு கேபிள்காரரிடம் இருக்கிறது. அவர் சித்தேரி மலையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறார். அங்கே டவர் கிடையாது. வீட்டில் இருந்த அவர் மனைவி போனை எடுத்து, சாயந்திரம் பஸ் இறங்கினதும் பேசச் சொல்கிறேன் என்றார்.

நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தீர்த்தகிரி கையில் ஊக்கோடு பெட்டியின் முன்னால் குனிந்திருக்கிறார். பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும் அல்லவா, அதில் குத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று கேபிள்காரர் எப்போதோ சொல்லியிருக்கிறார். குத்தினால் எல்லாமே அழிந்துவிடும். லைன் எடுக்கும் விவரமும் போய்விடும். அதைத் திரும்பப் போடத் தெரிந்தவர் மலையில் இருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். வாடிக்கையாளர் கையைப் பிடித்தது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு முறைதான்.

"அதத் தொடாதீங்க. இப்ப பாதியாவது இருக்குது. குத்துனா அதுவும் போயிடும்."

நீங்கள் மறக்கக் கூடாதது இதுதான். நேரம் குறையக் குறைய, திரும்பிவர முடியாத வழிதான் பெரிய வழியாகத் தெரியும். சுற்றி நிற்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள், நம் கையும் அதற்குத்தான் அரிக்கும். அப்போது கையைக் கட்டிக்கொண்டு வேறு என்ன மிச்சமிருக்கிறது என்று பாருங்கள்.

மிச்சமிருந்தது ஒன்றுதான், நான் வந்ததிலிருந்து திரையில் முதலாவதாக நின்றுகொண்டிருந்தது. 'அசல் பெரிய வூடு.'

நான் வாயைத் திறப்பதற்குள் தீர்த்தகிரிக்குப் புரிந்துவிட்டது. மகள் வேலைக்கே போக வேண்டாம் என்றார். நிவேதா தேர்வுக்காக அலசிப் பின்னியிருந்த தலையைக் குனிந்துகொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். காவேரி என்னைப் பார்த்தார். "நீங்க போய்க் கேளுங்க மேடம். நீங்க வெளியாளு. உங்களுக்கு மானம் போறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் போனேன்.

மாதையன் அண்ணனைவிட உயரம், அதே மூக்கு. விஷயத்தைச் சொன்னேன். முறுக்கிக்கொள்வார், அண்ணன் வந்து கேட்கட்டும் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "நிவேதாவுக்கா?" என்று கேட்டார். "தாராளமாப் போட்டுக்கச் சொல்லுங்க."

"பாஸ்வேர்டு?"

அவர் முகம் மாறியது. துண்டால் கழுத்தைத் துடைத்தார், உள்ளே மனைவியைப் பார்த்தார். அந்தம்மா சட்டென்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

"அது சொல்றாப்புல இல்லீங்க" என்றார்.

மறந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார். காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதுகிற மாதிரியும் இல்லையாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணனப் பத்தி வெச்சிருக்கேங்க. கொஞ்சம் அசிங்கமா இருக்கும். கொழந்தகிட்டப் போய் எப்பிடிங்க குடுக்கறது?" என்றார்.

மாற்றிக் கொடுங்கள் என்றால், அவர் பெட்டியின் சாவியும் அதே கேபிள்காரரிடம்தான் இருக்கிறது. ஊர் முழுக்க ஒரே கேபிள்காரர்.

நேரம் நெருங்கிவிட்டது. "அப்ப நீங்களே வந்து அடிச்சுட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. ஆறு வருடமாக மிதிக்காத வாசல் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. மாதையன் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

தம்பி உள்ளே வந்ததும் தீர்த்தகிரி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அங்கே தொங்கின காலண்டரை அவ்வளவு ஆழ்ந்து யாரும் படித்து நான் பார்த்ததில்லை. நிவேதா லேப்டாப்பைச் சித்தப்பா பக்கம் திருப்பி வைத்தாள். "எல்லாரும் அந்தாண்ட திரும்புங்க" என்றார் மாதையன். திரும்பினோம். ஒற்றை விரலால் அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நீளமான பாஸ்வேர்டு. நடுவில் ஒரு தடவை தப்பாகி, மறுபடி முதலிலிருந்து அடித்தார். அண்ணனைப் பற்றி இவ்வளவு சொல்ல இருக்கிறதா என்று எனக்கே தோன்றிவிட்டது.

இணைந்தது. சோதனைப் பக்கம் பச்சை காட்டியது. எல்லாரும் வெளியே வந்தோம், நிவேதா கதவைச் சாத்திக்கொண்டாள். மாதையன் வீட்டுக்குப் போனதும் அங்கே டிவி நின்றது. பிள்ளைகளின் போனையெல்லாம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, யாரும் நெட்டைத் தொடக் கூடாது என்று வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலேயே அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டதாகப் பின்னால் தெரிந்தது.

தேர்வு பாதி நடந்திருக்கும்போது கரண்டு போனது.

தீர்த்தகிரி வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. மின்விசிறி நிற்காமல் ஓடியது, அதனால் முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. உள்ளேயிருந்து நிவேதா, "நெட் போச்சு" என்றாள். எழுந்து வந்தால் தகுதி போய்விடும் என்பதால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். ஐந்து நிமிடத்துக்குள் இணைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று திரையில் வந்திருக்கிறது.

"நம்ம வூட்லதான் கரண்டு இருக்குதே, ஏன் போச்சு?" என்று தீர்த்தகிரி என்னைக் கேட்டார். நெட் இந்த வீட்டிலிருந்து வரவில்லை என்றேன். தம்பி வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை. அங்கே பெட்டி அணைந்திருக்கும்.

அவர் உள்ளே ஓடி, மண்டியில் தராசுக்குப் போடுகிற நீள ஒயர் எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு முனையை வராந்தா பிளக்கில் சொருகினார். காம்பவுண்டுச் சுவர் அவர் கழுத்துவரை இருக்கும். பூந்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றார்.

"மாதையா" என்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். "டேய் மாதையா, இந்த ஒயரப் புடி."

சுவருக்கு அந்தப் பக்கம் மாதையன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். கையில் வைஃபை பெட்டியின் பிளக் இருந்தது. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டைப் பார்த்துத்தான் ஓடிவந்திருக்கிறார், கேட்பதற்கு வாய் வராமல் நின்றிருக்கிறார். எக்ஸ்டென்ஷன் பெட்டியை எட்டி வாங்கிக்கொண்டு, ஒயரை இழுத்தபடி உள்ளே ஓடினார். "இன்னுங் கொஞ்சம் விடு" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அண்ணன் விட்டார். "போதும்" என்று வந்தது. அண்ணன் நிறுத்தினார். ஆறு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

வைஃபை பெட்டி எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நிமிடங்களில் நான் செய்ய ஒன்றுமே இல்லை. தீர்த்தகிரி பூந்தொட்டியை விட்டு இறங்கவில்லை. ஒயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தான் விட்டால் கரண்டு நின்றுவிடும் என்பது போல நின்றார். உள்ளேயிருந்து நிவேதா, "வந்துருச்சு" என்ற பிறகும் பிடியை விடவில்லை. தேர்வு முடியும்வரை வெயிலில் அப்படியே நின்றார்.

நிவேதா தேறினாள். இப்போது பெங்களூரில் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறாள். பொங்கலுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புவாள். அண்ணனும் தம்பியும் ராசியாகிவிட்டார்கள் என்று நான் எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்குத் தெரிந்தவரை அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கரண்டு போகும்போதெல்லாம் சுவருக்கு மேலே ஒயர் போகிறதாம். பேச்சு கிடையாது.

அன்று சாயந்திரம் கேபிள்காரர் மலையிலிருந்து இறங்கிவரும்வரை நான் அங்கேயே இருந்தேன். அண்ணனுடைய பெட்டியைப் பதினொன்றுக்கு மாற்ற வைத்தேன். லேப்டாப்பில் 'பெரிய வூடு' வந்தது. பையை மூடிக்கொண்டு கிளம்பும்போது, தீர்த்தகிரி வாசல் கேட் வரை கூடவே வந்தார். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். தம்பி அடித்த பாஸ்வேர்டு லேப்டாப்பில் பதிந்திருக்குமா, அதைப் படிக்க முடியுமா என்று.

முடியும் என்றேன். ஆனால் படித்துச் சொல்ல மாட்டேன் என்றேன். நம் கைக்கு வருகிற பெட்டிகளில் ஊரின் பாதி ரகசியம் இருக்கிறது. அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பிறகு யாரும் நம்மிடம் நம்பிப் பெட்டியைத் தர மாட்டார்கள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாம் விடுங்க. எங்க வூட்டுப் பாஸ்வேர்டும் அவனப் பத்தித்தாங்க."

"கேபிள்காரர் இன்னும் உள்ளதான் இருக்கார். கையோட மாத்திடச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

தீர்த்தகிரி தம்பி வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அவன் மொதல்ல மாத்தட்டுங்க" என்றார்.